என் மகனை ஜெபித்துக் காட்டிக்கொடுத்தவர்களுக்கு

என் மகன் செயின் பறிப்புக் கேசில் உள்ளே இருந்தவன் என்று தென்காசிக்குச் சொன்னது போலீஸ் இல்லை. நம் சபை.

போன வருஷம் சாரல் சீசனில் குற்றாலம் ரோட்டில் கூட்டாளி ஒருவன் செயினை அறுத்தான். பைக் ஓட்டியது என் மகன். செய்தது தப்புதான். சிறுவர் கூர்நோக்கு இல்லத்தில் வைத்திருந்து பங்குனியில் விட்டார்கள். "பையன் பேர் வெளியே தெரியக் கூடாது, சட்டம் அப்படி" என்று அங்கிருந்த அதிகாரி சொல்லித்தான் அனுப்பினார்.

அவன் மறுபடி பள்ளிக்குப் போகவேண்டும் என்று தனியாக ஜெபிக்கும்படி பாஸ்டர் வீட்டம்மாவிடம் மட்டும் சொன்னேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பேர், தெரு, கேஸ் எல்லாவற்றையும் ஜெபக் குறிப்பு என்று மைக்கில் வாசித்தார்கள். எத்தனை உருக்கம்! எத்தனை கண்ணீர்!

அதில் அதிகம் அழுதவர் அவனுடைய பழைய பள்ளித் தலைமையாசிரியர். திங்கட்கிழமை அவரிடம் போய் நின்றேன்.

"ஒம் மவனுக்காக முழங்கால்ல நிக்கேம்மா. ஆனா இங்கன சேக்க முடியாது. மத்த பிள்ளைய வீட்டுல சண்டைக்கு வருவாவ."

அந்தக் கண்ணீரில் ஒரு டம்ளர்கூடக் கழுவ முடியாது.

இன்னும் இரண்டு பள்ளிகளிலும் இதே பேச்சு. மகன் பையில் துணியை அடுக்கினான். "விடும்மா. கேரளாவுல வேல இருக்காம்" என்றான். கூப்பிட்டது அதே பழைய கூட்டாளி.

கதவைச் சாத்திவிட்டுக் கோபமாகவே ஜெபித்தேன். "ஆண்டவரே, உம்முடைய ஜனங்க வாய மூடும். ஒரு பள்ளிக்கூடத்தத் திறந்து விடும்."

மறுநாள் வெளியூரில் ஓர் அரசுப் பள்ளிக்கு அவனை இழுத்துக்கொண்டு போனேன். தலைமையாசிரியை ஒரு முஸ்லிம் அம்மா. நான் கதையை ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்ன செஞ்சான்னு சொல்லாதீங்க. அப்புறம் அவனப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அதான் ஞாபகம் வரும். கணக்கு வருமா?"

"வராது டீச்சர்."

"அப்ப காலைல கொஞ்சம் முன்னாடியே வரணும். என்னலே, வருவியா?"

"வாரேன் டீச்சர்" என்றான். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அழுதேன். கர்த்தர் பதில் தந்தார். நம்மில் ஒருவர் வழியாகத் தரவில்லை. அதற்காக நாம் வெட்கப்படலாம்.

இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறான். தேவதூதன் ஆகிவிடவில்லை. அறிவியலில் ஃபெயில். ஆனாலும் தினமும் போகிறான்.

போன ஞாயிறு சபை மூப்பர் வந்தார். "தம்பிய மேடையேத்துங்க சிஸ்டர். கர்த்தர் செஞ்சதச் சாட்சி சொல்லட்டும். நாலு பேருக்குப் பிரயோஜனமா இருக்கும்லா?"

"அவனுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை" என்றேன்.

ஆகவே சாட்சியை நான் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் பயப்படாமல் கர்த்தரிடம் கேளுங்கள். மெதுவாகவே கேளுங்கள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது.