செண்பகவல்லி கழற்றிய ரோலர்

சாலைக் கடைவீதியில் கயிறும் தூண்டிலும் விற்கிற தாணுமாலையன் கடையின் பின்னறைதான் செண்பகவல்லியின் இடம். ஒரு மேஜை, ஒரு விளக்கு, தேய்ந்துபோன டூத் பிரஷ் நாலைந்து. விழிஞ்ஞத்துப் படகுகளிலிருந்து உப்பேறிய தூண்டில் ராடுகள் அவளிடம் வரும். பெரிய மீனுக்கான ராடுகள் அவை. அவற்றில் நைலான் நரம்பு வெறும் வளையத்துக்குள் ஓடாது, சின்னச் சின்ன ரோலர்களின் மேல் ஓடும். ரோலர் உருளாமல் இறுகிவிட்டால் நரம்பு ஒரே இடத்தில் உரசிச் சூடேறி அறுந்து தொலையும். அதனால் ஒவ்வொன்றையும் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, உள்ளே பூத்திருக்கும் உப்பைச் சுரண்டி, காயவைத்து, அதற்கென்று உள்ள எண்ணெயை விட்டு மாட்ட வேண்டும். குளச்சலிலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் அவளுக்கு இதுதான் வேலை. செண்பகத்தின் கைபட்ட ராடு கடலில் காலை வாராது என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அதைக் கேட்டு அவளுக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

புருஷன் வேலப்பனுக்கு, வெளியூர்க்காரர்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போகும் ஒரு படகில் வேலை. இரை கோப்பது, நரம்பு சிக்கெடுப்பது, மீன் பக்கத்தில் வந்ததும் குனிந்து கொக்கிக் கம்பால் இழுத்துப் போடுவது. அந்தப் படகின் ராடுகளையும் அவள்தான் பார்த்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்தும் ஒரு சொட்டு விழவில்லை. முதலாளி சுசீந்திரம் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். காலையில் படகு கிளம்ப வேண்டும் என்று வேலப்பன் வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். அவளுடைய பையில் தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெய் இருந்தது. இந்த ஊரில் தலைக்கும் அதுதான், மீன் பொரிக்கவும் அதுதான், கீச்சிடும் கதவுக்கும் தையல் மிஷினுக்கும் அதேதான். அவன் படகு ராடின் நுனியிலிருந்த கடைசி இரண்டு ரோலருக்கு மட்டும் அதை விட்டாள். விரலால் தட்டிப் பார்த்தாள், வழுக்கிக்கொண்டு சுற்றின. அதோடு அதை மறந்தும் போனாள்.

மறுநாளே காற்று எச்சரிக்கை வந்தது. மூன்று வாரம் படகு நகரவில்லை. ராடு படகின் அறைக்குள், உப்புக் காற்றிலேயே கிடந்தது. கடல் அடங்கியதும் போன முதல் பயணத்திலேயே, வெளியூர் விருந்தாளி ஒருவர் பிடித்திருந்த அந்த ராடில் ஒரு பெரிய கேரைச் சூரை மீன் கடித்தது. ராடு வில்லாக வளைந்து, நுனி தண்ணீரைத் தொட்டது. மீன் பக்கத்தில் வந்ததும் வேலப்பன் கொக்கிக் கம்போடு ராடின் மேல் குனிந்தான். நரம்பு நுனி ரோலரிலேயே அறுந்தது. வளைந்திருந்த ராடு விசையோடு நிமிர்ந்து அவன் வலது கண்ணில் அடித்தது.

அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த வேலப்பன் அந்த விருந்தாளியைத் திட்டாத நாளில்லை. ராடு பிடிக்கத் தெரியாதவன், முரட்டுத்தனமாக இழுத்தான், பாவி என்பான். வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னான். செண்பகவல்லியும் கூடச் சேர்ந்து திட்டினாள். மனசாரத்தான் திட்டினாள்.

பத்து நாள் கழித்து வேலைக்குப் போனபோது அதே ராடு அவள் மேஜையில் கிடந்தது. நுனி ரோலரைத் திருப்பினாள், அசையவில்லை. திருகைக் கழற்றினாள். உள்ளே பழுப்பாக, பிசின்போல ஏதோ இறுகி, அதில் உப்புப் பொடி ஒட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். காறிப்போன தேங்காயெண்ணெய் நாற்றம். அன்றைக்கு அவசரத்தில் விட்டது நினைவுக்கு வந்தது. பிறகு, இவ்வளவு நாள் செய்ததைப்போலவே அதைச் சுத்தமாகக் கழுவி வைத்தாள். அவளைத் தவிர அதைப் பார்த்தவர் யாரும் இல்லை.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் இந்த மனுஷன் தன்னை என்றைக்காவது மன்னிப்பானா? நாலு நாள் வேளை தவறாமல் அவன் கண்ணுக்கு மருந்து விட்டாள், சொல்லவில்லை. ஐந்தாம் நாள் காலை, அவன் முகத்தை அண்ணாந்து பிடித்துக் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். அவன் வழக்கம்போல அந்த விருந்தாளியைத் திட்டத் தொடங்கினான். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"அவரு மேல குத்தமில்லே. ரோலரு இறுகிப்போச்சு. எண்ணெ தீந்துபோச்சுன்னு நாந்தான் தேங்காண்ணெ விட்டேன்."

வேலப்பன் நல்ல கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அடித்தாலும் தேவலை என்று அவள் காத்திருந்தாள். அவன் வழிந்த மருந்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"இத ஆருகிட்டயும் பறயாண்டாம். ஒனக்க வேல போயிரும்."

குரலில் கோபமே இல்லை. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தப்பிவிட்டோம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள்.

மத்தியானம் அடுத்த வேளை மருந்துக்கு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இமையைப் பிரிக்க விரலை நீட்டினாள். வேலப்பன் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அவள் கையிலிருந்த குப்பியை மெதுவாக வாங்கி, தானே அண்ணாந்து விட்டுக்கொண்டான். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. முதல் சொட்டு நெற்றியில் விழுந்தது, அடுத்தது கன்னத்தில். மூன்றாவதற்கு அவன் மறுபடியும் குப்பியைத் தூக்கினான். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள்.