தண்ணி ஊத்தியாச்சு

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கூலிகள் குடியிருக்கும் லயத்தில் மாரியாயியிடம் பேசப் பொறுமை வேண்டும். மழை வரும்போல இருக்கிறது என்று சொன்னால், "அப்படின்னா?" என்று கேட்பாள். சோறு வெந்துவிட்டது என்றாலும் அதே கேள்விதான். லயத்துப் பிள்ளைகள் அவளுக்கு 'அப்படின்னா அக்கா' என்றே பேர் வைத்துவிட்டார்கள். ஒரு தடியன் என் காதுபடவே அப்படிக் கூப்பிட்டு இளித்தான். கையில் அகப்பட்ட துடைப்பத்தோடு அவனைத் தெருமுனை வரை விரட்டினேன். விஷயம் தெரியாதவன் வாயை மூடிக்கொண்டாவது இருக்கலாம்.

அடுத்த வீட்டுக்காரி நான், எனக்குத் தெரியும். முன்பெல்லாம் அவளுக்கு வாய்தான் சொத்து. ஸ்டேஷன் வாசலில் புட்டு விற்பாள். பாசார் சந்தையில் சீனக் கீரைக்காரனிடம் பாதி மலாயும் பாதி விரலுமாகப் பேரம் பேசுவாள். அவன் சொன்னது இதுதானா என்று மூன்று தடவை கேட்டுக்கொண்டுதான் கீரைக்கட்டைத் தொடுவாள். "அவங்ககிட்டதான் கேட்டுக்கணும். நம்ம ஆளுங்க பேசினா என்னத்தக் கேக்குறது?" என்பாள். பாழாய்ப்போன அந்த நம்பிக்கைதான் அவளைக் கவிழ்த்தது.

அவள் புருஷன் பக்கிரிசாமி தண்டவாளம் போடும் கும்பலோடு வடக்கே போயிருந்த நேரத்தில், ஒரே மகள் புஷ்பவல்லிக்கு உடம்பெல்லாம் முத்து போட்டது. பெரியம்மை என்று நாங்கள் வாயால் சொல்ல மாட்டோம். ஆத்தா வந்திருக்கிறாள் என்போம். சுகாதாரத்து ஆட்கள் வந்து பிள்ளையை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கிள்ளான் சாலையில், ஊருக்கு வெளியே, முள்கம்பி வேலி போட்ட ஒரு கொட்டகை. உள்ளே பெற்றவர்களுக்கும் அனுமதி இல்லை.

மாரியாயி தினமும் அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வாய் இளநீர் மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று காவல்காரன் காலில் விழுந்தாள். ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சோறு தண்ணி இல்லாமல் குச்சியாய்ப் போனாள்.

உள்ளே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் உர்சுலா, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பெண். சின்ன வயதில் அம்மை கண்ட தழும்பு முகமெல்லாம் இருந்ததால் அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. தஞ்சாவூர்ப் பக்கம், மாரியாயி ஊருக்கு அடுத்த ஊர். இரக்கமுள்ளவள். சாயங்காலம் வேலியோரம் வந்து பிள்ளையின் நிலவரம் சொல்லிவிட்டுப் போவாள்.

ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். உர்சுலா தலையைக் குனிந்தபடி வந்தாள்.

"தண்ணி ஊத்திட்டேங்க்கா. மருந்து போடுற டிரசர் ஐயாவக் கெஞ்சிக் கேட்டுட்டேன், உள்ள வந்து பாத்துக்கச் சொல்லிட்டாரு. வாங்க."

அம்மை இறங்கி முத்து காய்ந்தால்தான் எங்களில் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவோம். ஆத்தா விடைபெற்றுவிட்டாள், பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம். மாரியாயி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாள், அழுகிறாள். உர்சுலாவைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இந்த அழுக்குச் சேலையோட வந்தா ஆத்தா கோவிச்சுக்குவா தங்கச்சி. காலையில தலைமுழுகிட்டு, மஞ்சளும் புதுப்பாவாடையும் கொண்டாறேன்."

இப்போதே வாங்கள் என்று உர்சுலா இன்னொரு தடவை கூப்பிட்டாள். இத்தனை நாள் பொறுத்தவள் ஒரு ராத்திரி பொறுக்க மாட்டேனா என்று மாரியாயி சொல்லிவிட்டாள். உர்சுலா அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அன்று மாரியாயி வெல்லம் போட்டுப் புட்டு அவித்து லயம் முழுக்கக் கொடுத்தாள். நானும் வாங்கித் தின்றேன்.

காலையில் ஈரத்தலையோடு வேலிக்குப் போனோம். மாரியாயி கையில் சிவப்புப் பாவாடை. உர்சுலாவின் கண் வீங்கியிருந்தது.

"கோடியா அக்கா? உங்களுக்காக வச்சிருக்கச் சொல்லிப் பாத்தேன், விடல. நேத்து பொழுது சாயவே அடங்கிருச்சு."

"தண்ணி ஊத்திட்டேன்னு சொன்னியே," என்றாள் மாரியாயி.

"ஊத்துனேங்க்கா. எங்க வேதத்துல, போற உசிருக்கு அவசரமா நெத்தியில தண்ணி ஊத்தி, செபம் சொல்லிப் பேரு வைப்போம். சாமிகிட்ட பேரில்லாமப் போகக் கூடாதுல்ல. அதான் உடனே வந்து பாத்துக்கங்கன்னு சொன்னேன். நீங்க புதுத்துணி கொண்டாறேன்னதும், கடைசியாப் போத்துற கோடியச் சொல்றீங்க, பாக்கத் தெம்பில்லன்னு நெனச்சேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது? இவளைத் திட்டலாமென்றால் இவள் பிள்ளைக்கு நல்லது நினைத்தவள். அவளைத் திட்டலாமென்றால் அவள் பெற்றவள். இரண்டு பேரும் பேசியது சுத்தமான தமிழ். ஒரு கட்டுக் கீரைக்கு மூன்று தடவை கேட்கிறவள், இதற்கு ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருப்பாள்.

மாரியாயி பாவாடையைப் பிரித்து, திரும்ப ஒழுங்காக மடித்தாள். அழவில்லை.

"அடங்கிருச்சுன்னியே," என்றாள். "அப்படின்னா?"

உசிர் அடங்கினாலும் காய்ச்சல் அடங்கினாலும் எங்களுக்கு அந்தச் சொல்தான். கீரைக்காரனிடம் மாரியாயி விரலை நீட்டுவாளே, அதேபோல் உர்சுலா கையை நீட்டி, கொட்டகைக்குப் பின்னால் ஈரம் காயாத சின்ன மண்மேட்டைக் காட்டினாள்.