எடுக்கக்கூடாத நம்பர்

போன வருஷம் சித்திரை மாதம் நடந்தது இது. தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், குடோன்களுக்கு எதிரே எனக்கு ஒரு செல்போன் கடை இருக்கிறது. ரீசார்ஜ், சிம் கார்டு, டெம்பர் கிளாஸ், சின்னச் சின்ன ரிப்பேர். வீட்டுக்காரர் கப்பலில் போகிறவர். வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில்தான் இருப்பார். வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு ரோட்டையாவது பார்க்கலாம் என்று ஆரம்பித்த கடை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவில் பேர். இருந்துவிட்டுப் போகட்டும். கடை வைத்திருக்கிறவளுக்கு வாய்தானே முதல்.

எதிரே குடோன் வாசல்களில் ராத்திரி படுத்துக்கொள்கிறவர்கள் கொஞ்சம் பேர் உண்டு. வீடு வாசல் கிடையாது. ஆனால் அநேகமாக எல்லாரிடமும் ஒரு போன் இருக்கும். பக்கத்து டீக்கடையில் ஒருத்தர், "பிளாட்பாரத்துல படுக்கவனுக்கு என்னத்துக்கு போனு?" என்று என் காது படக் கேட்டார். நான் சும்மா இருப்பேனா? "உங்களத் தேடி ஆள் வந்தா வீட்டுக் கதவத் தட்டுவாங்க அண்ணாச்சி. இவங்களத் தேடி வாரவங்க எந்தக் கதவத் தட்ட?" என்றேன். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

போன் இருந்தால் மட்டும் போதுமா, சார்ஜ் போட ஒரு பிளக் வேண்டுமே. மத்தியானம் என் கடையில் கூட்டம் இருக்காது. அந்த நேரம் பார்த்து வந்து போனைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எல்லாம் ஒரே மாதிரி பட்டன் போன்கள் என்பதால், அடையாளத்துக்கு ஆளுக்கொரு கலர் நூல் கட்டி வைத்திருப்பேன். சிவப்பு நூல் ஒரு அக்காவுடையது.

அந்த அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. லாரியில் பருப்பு மூட்டை ஏற்றி இறக்கும்போது சிந்துகிறதைக் கூட்டிப் புடைத்துக் கோழித் தீவனத்துக்குக் கொடுத்துப் பிழைக்கிறவர். ஒரே மகள். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, அவர்கள் ஹாஸ்டலிலேயே தங்கல். ஞாயிற்றுக்கிழமை தோறும் மகளிடமிருந்து போன் வரும். அவள் என்ன சொன்னாள் என்று திங்கட்கிழமை என்னிடம் ஒப்பிக்காவிட்டால் அக்காவுக்கு இருப்புக் கொள்ளாது. ஹாஸ்டலை விட்டு வெளியே வந்து தனியாக ஒரு ரூம் பார்க்கிறாளாம். கிடைத்ததும் போனில் சொல்வாளாம். உடனே அம்மா கிளம்பி வந்துவிட வேண்டுமாம். "அடுத்த போன்ல சொல்லிருவா தாயி" என்பார். தலைக்கு மேல் ஒரு கூரை அந்த அடுத்த போனில் வரப்போகிறது என்று காத்திருந்தார்.

அது வருவதற்குள் ஐப்பசி மழை வந்துவிட்டது. அக்கா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அந்த வாரம் நான் நாசரேத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். திரும்பி வந்து கேட்டால், ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனதாக மட்டும் சொன்னார்கள். போன் அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தேன், மேல்சிகிச்சைக்கு வேறு ஊருக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், அக்கா கைத்தடி ஊன்றிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றார். எனக்கு அடையாளமே தெரியவில்லை, அப்படி உருகிப் போயிருந்தார். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். ஆபரேஷன் நடந்ததையும், அதன் பிறகு ஒரு காப்பகத்தில் படுக்கையாகக் கிடந்ததையும், நடக்க முடிந்ததும் பஸ் ஏறி வந்துவிட்டதையும் சொன்னார். போன் விழுந்த இடத்திலேயே தொலைந்துவிட்டதாம்.

"மகளுக்குத் தகவல் சொன்னீங்களா அக்கா?"

"எத்தன தடவ தாயி. ஆஸ்பத்திரில இருந்த வரைக்கும் நர்சம்மாகிட்ட கெஞ்சி தினம் தினம் போடச் சொன்னேன். ஸ்விட்ச் ஆஃப்புன்னே சொன்னாங்க."

"எந்த நம்பருக்குப் போட்டாங்க?"

கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்ணையும் தடங்கல் இல்லாமல் சொன்னார். அது அவருடைய சொந்த நம்பர்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. என் வாயே அடைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். லாரி புரோக்கர், குடோன் சூப்பர்வைசர், தீவனக்காரர் என்று எல்லாரும் கேட்பதால் அவருக்குத் தன் நம்பர் தூக்கத்திலும் மறக்காது. அதுதான் அவருடைய விலாசம். மகள் நம்பரை அவர் ஒரு நாளும் அழுத்தியதே இல்லை. எப்போதும் கூப்பிடுகிறவள் மகள்தான்; போனில் வெளிச்சம் வந்ததும் பச்சைப் பட்டனை அமுக்குவார், மகள் பேசுவாள். "அந்த நம்பர்லதான தாயி எம்மவ பேசுவா?" என்று கேட்டார்.

"எந்தக் கம்பெனி?" என்று கேட்டேன். பனியன் கம்பெனி என்றார். திருப்பூரில் போய்ப் பனியன் கம்பெனியைத் தேடுவது, எங்கள் ஊர் உப்பளத்தில் ஒரு உப்புக்கல்லைத் தேடுகிற கதைதான். தை மாதம் ஒரு பெண்பிள்ளை வந்து குடோன் குடோனாகத் தன் அம்மாவைக் கேட்டுவிட்டு அழுதுகொண்டே போனதாக எதிரே ஒரு வாட்ச்மேன் சொன்னார். அவளுக்கு என் கடை தெரியாது, எனக்கு அவளைத் தெரியாது.

அக்காவின் பழைய நம்பரை என் போனில் அடித்துப் பார்த்தேன். ரிங் போனது. மாதக்கணக்கில் ரீசார்ஜ் பண்ணாமல் கிடக்கிற நம்பரைக் கம்பெனி எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். இது என் தொழிலில் சகஜம். ஆனால் எனக்குள் ஒரு பொறி தட்டியது. மகள் இந்த நம்பருக்கு அடிக்காமலா இருந்திருப்பாள்? அப்படி அடித்திருந்தால், இப்போது இதை வைத்திருக்கிற ஆள் போனில் அவள் நம்பர் இருக்குமே.

எடுத்தது ஒரு ஆண் குரல். நான் பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன். "அண்ணாச்சி, இந்த நம்பர இதுக்கு முன்னால ஒரு அம்மா வச்சிருந்தாங்க..."

"அடுத்து ஓடிபி வரும், சொல்லுங்கம்பீங்க. எனக்குத் தெரியாதாக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுபடி போட்டேன். பிளாக் பண்ணிவிட்டார். சிம் விற்கிறவளிடம் பிளாக் பண்ணுகிற விளையாட்டா? கடை நம்பரில் இருந்து போட்டேன், அதற்கும் அதே கதி. என்னிடம் இருந்த இன்னொரு சிம்மில் இருந்து போட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் சொன்னேன். "அண்ணாச்சி, நான் செல்போன் கடை வச்சிருக்கேன். நீங்க ஒவ்வொண்ணா பிளாக் பண்ணுங்க, நான் ஒவ்வொண்ணா போடுதேன். யாருக்கு மொதல்ல அலுக்குன்னு பாப்போம்."

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்டது. எட்டயபுரம் பக்கத்தில் உரக்கடை வைத்திருப்பவராம். சரி, சொல்லித் தொலையுங்கள் என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "இதே மாதிரி ஒரு பொண்ணும் அழுது அழுது பேசிச்சு. நீங்கள்லாம் ஒரே கூட்டந்தான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டு அக்காவிடம் நீட்டினேன். அக்கா அழுவார், கெஞ்சுவார் என்று நினைத்தேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

"நீங்க போன எடுத்ததும் அந்தப் பிள்ள மொதல்ல என்ன கேட்டுது அண்ணாச்சி? 'எம்மோ, இன்னைக்கு எந்த ஷட்டரு'ன்னு கேட்டுதா?"

குடோன் வாசலில் தினமும் ஒரே இடத்தில் படுக்க முடியாது. லாரி வராத ஷட்டராகப் பார்த்துத்தான் படுக்க வேண்டும். அம்மா இன்றைக்கு எந்த ஷட்டர் முன்னால் படுப்பாள் என்று தெரிந்துகொள்ளாமல் அந்தப் பெண் அடுத்த பேச்சுப் பேச மாட்டாளாம்.

அந்தப் பக்கம் கடையில் யாரோ யூரியா இருக்கிறதா என்று கேட்பது மட்டும் கேட்டது. அப்புறம் அவர் பேசினார், குரல் ஒரேயடியாக இறங்கிப் போயிருந்தது.

"புது சிம்மு போட்ட அன்னைக்கே வந்த கால் அது. எடுத்த எடுப்புல அழுகையும் சிரிப்புமா எந்த ஷட்டருன்னுதான் கேட்டுது. ராங் நம்பர்னேன். விடாம போட்டுது, எங்கம்மாகிட்ட குடுங்கன்னு அழுதுது. நான் கண்டபடி ஏசிட்டேம்மா. 'எடுக்கக்கூடாது'ன்னு பேர் போட்டு வச்சிருக்கேன்."

"அப்ப நம்பர் இருக்குல்லா? சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்."

"அது முடியாது" என்றார். "வயசுப்பிள்ள நம்பரு. நீங்க யாரு எவருன்னு எனக்கு என்ன தெரியும்? நானே போட்டு உங்க கடை நம்பரச் சொல்லுதேன். அதுக்கு இஷ்டம்னா பேசட்டும்."

வேறு சமயமாக இருந்தால் ஒரு பிடி பிடித்திருப்பேன். அன்றைக்கு அந்த மனுஷன் மேல் மரியாதைதான் வந்தது. எனக்கு ஒரு மகள் இருந்து, அவள் நம்பர் ஒருத்தர் கையில் சிக்கினால், அந்த ஒருத்தர் இப்படித்தான் இருக்க வேண்டும்.

கடை நம்பரைச் சொல்லி, அதன் பிளாக்கையும் எடுக்கச் சொல்லிவிட்டு, கடைப் போனைக் கல்லாமேல் வைத்தேன். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை நேரத்தில் மெஷின் பக்கம் போன் வைத்திருக்க விட மாட்டார்கள், சாயந்திரம்தான் பேசுவாள் என்று நான் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தபோதே மணி அடித்தது.

அவர்கள் பேசியதை எழுத எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண், "ரூம் பாத்துட்டேம்மா. தை மாசத்துலயிருந்து ஒனக்காவத்தான் வச்சிருக்கேன்" என்றாள். அக்கா, "வாரேன்ளா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். நான் கடைக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன். எனக்கு அழுகை வராது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். ஒல்லியான பெண், அம்மாவின் கையை விடவே இல்லை. பஸ் கிளம்புகிற வரைக்கும் மகள் நம்பரை அக்காவுக்கு மனப்பாடம் பண்ண வைத்தேன். இரண்டு தடவை பிசகி, மூன்றாவது தடவை சரியாகச் சொன்னார். கடையில் போன் சார்ஜ் போட வருகிற மற்றவர்களையும் இப்போது விடுவதில்லை. உங்களைத் தேடுகிறவர் நம்பரைச் சொல்லுங்கள், அப்புறம் பிளக்கைத் தருகிறேன் என்கிறேன். முணுமுணுத்துக்கொண்டே சொல்கிறார்கள்.

உரக்கடை அண்ணாச்சி சில வாரம் கழித்துத் தானாகவே கூப்பிட்டார். அக்காவைக் கேட்டு இன்னும் அந்த நம்பருக்கு லாரிக்காரர்களிடமிருந்து போன் வருகிறதாம். "அந்தம்மா திருப்பூர் போயிட்டாங்க, சௌக்கியமா இருக்காங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்.

"அன்னைக்கு நான் அந்தப் பிள்ளைக்குப் போட்டேம்லா, ஒரு ரிங்கு முழுசா அடிக்கல, எடுத்துட்டுது. அவ்வளவு ஏச்சு வாங்கின பிள்ள என் கால எப்படி எடுத்துதுன்னு கேட்டேன். அது போன்ல என் நம்பர் இன்னும் 'அம்மா'ன்னுதான் கெடக்காம். அழிக்க மனசு வரலியாம்."

அன்றிலிருந்து தெரியாத நம்பரில் யார் கூப்பிட்டாலும், ராங் நம்பர் என்று சொல்லி வைப்பதற்கு முன்னால் யாரைத் தேடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கிறேன். ஏனென்றால் நம் போனில் 'எடுக்கக்கூடாது' என்று கிடக்கிற ஆளின் போனில் நாம் 'அம்மா' என்று இருக்கலாம்.