கறை தெரியாத குர்த்தி

குர்த்தி செக்‌ஷன்ல நிக்கிறவளுக்கு முதல்ல வேண்டியது காலு, வாயெல்லாம் அதுக்கப்புறந்தான். காலையில ஒம்பதரைக்கு நின்னா ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் நிக்கணும். ஸ்டூல் போட்ருக்காங்க, இல்லேன்னு சொல்லல. உக்காந்தா கேமராவுல பாத்துட்டு ஆள் அனுப்புவாங்க. மதுரையில எங்க கடைக்கு வாரதுல முக்காவாசிப் பேரு வேலைக்குப் போற அம்மாமாருதான். முந்நூத்தம்பது ரூவாய்க்குள்ள இருக்கணும், வாரத்துல மூணு தடவ போடணும், சாயம் போகக் கூடாது, இஸ்திரி கேக்கக் கூடாது. இதப் படிக்கிற நீங்களும் அந்தக் கூட்டத்துல ஒரு ஆளுன்னா, நான் சொல்றது எதுவும் உங்களுக்குப் புதுசா இருக்காது.

செல்வி ஏற்கனவே இருக்கா

என் பேரு செல்வி. வேலைக்குச் சேந்த அன்னைக்கு சூப்பர்வைசர் அண்ணே நோட்டுல பேர எழுதப் போயிட்டு, பேனாவ அப்படியே நிப்பாட்டிட்டாரு. பட்டுச்சேலை செக்‌ஷன்ல ஏற்கனவே ஒரு செல்வியக்கா இருந்தாங்க. மைக்குல செல்வின்னு கூப்பிட்டா ரெண்டு பேரும் ஓடி வந்து நிப்பாகளாம், வேலை கெட்டுப் போகுமாம். ஜவுளிக் கடையில இது வழக்கந்தான், புதுசா வாரவ பேரத்தான் மாத்துவாங்க. என்னைய மீனான்னு எழுதுனாரு. நெஞ்சுல குத்துற பேட்ஜுலயும் மீனா. மொத மாசம் செல்வின்னு சத்தம் கேட்டாலே திரும்பித் திரும்பிப் பாத்து ஏச்சு வாங்குனேன். அப்புறம் பழகிருச்சு.

எனக்கு அன்னைக்கு மூஞ்சி வாடிப் போச்சு. அண்ணே அதையும் பாத்துட்டாரு. "பேரு மாறுனா என்னத்தா, சம்பளத்த உன் கையிலதான குடுக்கப் போறோம்"னாரு.

ஒண்ணு போட, ஒண்ணு பையில

ஒருநா ஒரு டீச்சரம்மா வந்தாங்க. அஞ்சு மாசக் கைப்புள்ளைய மாமியாகிட்ட விட்டுட்டுத் திரும்பவும் வேலைக்குச் சேந்திருக்காங்க. எந்த ஸ்கூலுன்னு நான் கேக்கல. பக்கத்துல ஆள் இருக்கான்னு பாத்துட்டு, "நனைஞ்சா வெளிய தெரியாத மாதிரி ஏதாச்சும் இருக்கா?"ன்னு மெதுவாக் கேட்டாங்க. பாடம் நடத்திக்கிட்டு இருக்கப்ப, புள்ளைக்குப் பால் குடுக்கற நேரம் வந்துச்சுன்னா மாருல கட்டிக்கிருமாம். போன வாரம் வெளிர்நீலச் சுடிதார்ல அம்புட்டும் நனைஞ்சு, பசங்க முன்னாடி நோட்ட நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டே மணி அடிக்கிற வரைக்கும் நின்னாங்களாம்.

எனக்குப் புரியாதா? என் மகளுக்கு நாலு மாசம் ஆனப்ப நான் துண்டுத்துணிய உள்ள மடிச்சு வச்சுக்கிட்டுத்தான் வேற கடையில நின்னேன். மெரூன் கலர்ல, கறுப்புல பொடிப்பூ போட்ட கெட்டிப் பருத்தி ஒண்ண எடுத்து விரிச்சேன். "இத எடுத்துக்கங்க மேடம், இதுல எது பட்டாலும் கறை தெரியாது"ன்னேன். நாங்க தினமும் சொல்ற வார்த்தைதான், ஆனா அன்னைக்கு உண்மையாவே சொன்னேன். அதே கலர்ல ரெண்டு கேட்டாங்க. ஒண்ணுல கழுத்துப் பட்டன் அந்து விழுந்திருந்துச்சு. டிராயர்ல கெடந்த வெள்ளைப் பட்டன் ஒண்ண வச்சு நானே தச்சுக் குடுத்தேன்.

ஒண்ணாவது வேற கலர் எடுங்களேன்னேன். "இல்லங்க, ஒண்ணு போட்டுக்குவேன், ஒண்ணு பையில இருக்கும். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தாத்தான் நடுவுல மாத்துனது யாருக்கும் தெரியாது"ன்னாங்க.

ட்ரையல் ரூம்

சோழவந்தான்லருந்து தினமும் பஸ்சுல வந்து ஒரு ஆபீஸ்ல வேலை பாக்குற பொண்ணு, மூணு வயசுப் பையனோட வந்துச்சு. ட்ரையல் ரூம் கதவச் சாத்துனா அவன் கத்துறான். கதவத் தொறந்து வச்சு, நான் ஒரு துப்பட்டாவப் பிடிச்சு மறைச்சுக்கிட்டு நின்னேன். உள்ள அந்தப் பொண்ணு கண்ணாடி பக்கமே திரும்பல. உக்காந்து எந்திரிச்சுச்சு, ஒரு கைய மேல தூக்கிக் கம்பியப் பிடிக்கிற மாதிரி நின்னுச்சு, மறு கையால பையன இடுப்புல தூக்கி வச்சுச்சு. அவன் வாயில இருந்த பிஸ்கட்டத் தோள்ல தொடச்சு விட்டுட்டான். இனி அதத்தான் எடுத்தாகணும்.

உங்களுக்கு நல்லா இருக்கும்மான்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "நல்லா இருந்து என்னக்கா பண்ண, அக்குள்ல கிழியாதுல்ல, அத மட்டும் சொல்லுங்க"ன்னுச்சு.

செவ்வாக்கிழமை லீவு

எங்க கடையில காலையில உள்ள நுழையிறப்பவே செல்போன வாங்கித் துணிப்பையில போட்டுக் கட்டி வச்சிருவாங்க. ராத்திரிதான் கைக்கு வரும். அவசரம்னா பில் போடுற இடத்துல ஒரு போன் இருக்கு, அந்த நம்பரத்தான் குடுத்துட்டு வரணும். என் மக காவ்யா ஆறாவது படிக்கிறா, ஆனையூர்ல. வீட்டுக்காரரு லாரியில போனா திரும்ப பத்து நாளாகும். அவ கிளாஸ்ல ரெண்டு புள்ளைக வயசுக்கு வந்துருச்சுன்னு கேள்விப்பட்டதுலருந்து எனக்கு அதே யோசனதான். ஸ்கூல்ல வச்சு ஆகிட்டா? எதுவுந் தெரியாமப் பயந்துட்டா? கடை நம்பர ஸ்கூல்ல எழுதிக் குடுத்தேன், அவ பைக்குள்ள ஒரு பேடு பாக்கெட்டும் வச்சு விட்டேன்.

அது எதுக்குன்னு மட்டும் இன்னும் சொல்லல. ராத்திரி நான் போறப்ப தூங்கிருப்பா. காலையில சட்னி அரைக்கிறதுக்கும் சடை பின்னுறதுக்கும் நடுவுல சொல்ற விசயமா அது? பக்கத்துல உக்கார வச்சுச் சொல்லணும்னு இருந்தேன். எனக்கு லீவு செவ்வாக்கிழமை, அவளுக்கு லீவு ஞாயித்துக்கிழமை. ஒரே ஒரு ஞாயிறு லீவு குடுங்கண்ணேன்னு ரெண்டு தடவ கேட்டேன். எதுக்குன்னாரு. மககிட்டப் பேசணும்னேன்.

"புள்ளகிட்டப் பேசுறதுக்கெல்லாம் ஞாயித்துக்கிழமை லீவு போட்டா, கடையில யாரு நிப்பா?"ன்னாரு அண்ணே.

மைக்குல கூப்பிட்டாங்க

அதுக்கு அடுத்த புதன்கிழமை, மணி பதினொண்ணு இருக்கும். ஒரு அம்மாவுக்கு எக்ஸ்எல் தேடிக்கிட்டு இருந்தேன். "செல்வி, போன் வந்திருக்கு, கீழ வா"ன்னு மைக்குல சத்தம். எனக்கும் கேட்டுச்சு. சத்தியமாக் கேட்டுச்சு. நான் திரும்பல. நாலு வருசப் பழக்கம், கை பாட்டுக்கு மடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

மத்தியானம் ரெண்டு மணிக்குச் சாப்பாட்டு ரூம்ல செல்வியக்கா சிரிச்சுக்கிட்டே சோத்தப் பிசைஞ்சாங்க. அவங்களுக்கு ரெண்டும் ஆம்பளப் புள்ளைக. "கேளுடி மீனா, எம் மக பெரிய மனுசியாயிட்டாளாம், வந்து கூட்டிட்டுப் போகணுமாம். எனக்கு ஏது மக, ராங் நம்பருன்னு சொல்லி வச்சுட்டேன்"னாங்க.

வெள்ளைப் பட்டன்

டிபன் பாக்ஸக்கூட மூடல. யாருட்டயும் சொல்லாம, போனக்கூட வாங்காம ஆட்டோ பிடிச்சு ஓடுனேன். பதினொண்ணுலருந்து ரெண்டே முக்கால் வரைக்கும் எம் புள்ள என்ன பாடு பட்டுச்சோன்னு, ஆட்டோவுல வாய்விட்டு அழுதேன்.

டீச்சர் ரூம்ல காவ்யா ஒரு நாற்காலியில உக்காந்திருந்தா. யூனிபார்ம் ஒரு கவர்ல கெடந்துச்சு. அவ உடம்புல மெரூன் குர்த்தி, கறுப்புல பொடிப்பூ, கணுக்கால் வரைக்கும் தொங்குது. கழுத்துல வெள்ளைப் பட்டன். பக்கத்துல அதே மாதிரி இன்னொரு மெரூன் குர்த்தியில அந்த டீச்சரம்மா. ஒரே துணியில ரெண்டு பேரையும் பாக்க, அம்மாவும் மகளும் மாதிரி இருந்தாங்க. எனக்கு உள்ள போகவே கூச்சமா இருந்துச்சு. டீச்சரம்மா என்னைய அடையாளம் கண்டுக்கிட்டு, "நீங்க மீனால்ல? அம்மா பேரு செல்வின்னு எழுதிருந்துச்சே"ன்னாங்க. ரெண்டும் நாந்தான்னேன்.

காவ்யா என் கையப் பிடிச்சுக்கிட்டா. அழுது முடிச்ச மூஞ்சி. "நீ வரலன்னு பயந்துட்டேம்மா. டீச்சர்தான் எல்லாஞ் சொல்லிக் குடுத்தாங்க. இதப் போட்டுக்க, இதுல எது பட்டாலும் கறை தெரியாதுன்னாங்க"ன்னா.

மறுநா ஒம்பதரைக்கு மீனா வேலைக்குப் போயிட்டா, செல்விக்குத்தான் இன்னும் லீவு கெடைக்கல.