அம்மாவின் ஆகாயத்தாமரையைத் தேடி பண்டமாரானுக்கு

அம்மாவின் முதல் திதிக்கு அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: பழைய வீட்டில் அம்மா வளர்த்த ஆகாயத்தாமரையில் ஒரு செடி, மறுபடி வளர்க்க. திதிக்கு முந்தைய நாள், சனிக்கிழமை காலையில், கிளம்பினேன்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். (பெட்டியில் குளிர் அதிகம், மேல்சட்டை அவசியம்.) அங்கிருந்து பண்டமாரானுக்கு வாடகைக் காரில் பதின்மூன்று ரிங்கிட்.

எங்கள் வரிசை வீடுகள் இருந்த இடத்தில் இப்போது லோரிகள் நிற்கின்றன. அப்போது எங்கள் வாசலில் அம்மாவின் சிமெண்டுத் தொட்டி இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் ஊதாப்பூக்களை எண்ணிய பிறகே காலணியைக் கழற்றுவேன். அடுக்குமாடிக்கு மாறியபோது எனக்குப் பதினொரு வயது. "உயிரோட இருக்கறத குப்பையில போடக்கூடாது, தண்ணியில விட்டுட்டு வா" என்றார் அம்மா. செடிகளை இரண்டு வாளியில் சுமந்துபோய், பின்னாலிருந்த குட்டையில் விட்டேன்.

அந்தக் குட்டையில் இன்று தண்ணீரே தெரியவில்லை. கரைக்குக் கரை பச்சை, அதன்மேல் ஊதா. சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதலில் மகிழ்ச்சிதான் வந்தது.

ஒரு பெரியவர் சம்பான் படகில் நின்றபடி செடிகளை வாரிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"போட்டோவா? ஒரு கூடை அள்ளிட்டுப் போங்க லா, ப்ரீ!" என்றார். "முன்ன இங்க விரால் துள்ளும். இப்ப தூண்டில் போட எடமில்ல. எவனோ வீட்ல வளத்தத கொண்டாந்து ஊத்திட்டான்."

"நான்தான் அங்கிள். ரெண்டு வாளி."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். "நீ மட்டுமா? லைன் வீட்ட ஒடச்சப்ப எல்லாரும் இங்கதான் விட்டாங்க. எங்க வீட்டம்மாவும் ஒரு தொட்டி கவுத்துச்சு. வெளிய சொல்லிடாத."

ஒரு செடியைத் தூக்கினேன். கறுத்த வேரிலிருந்து நீர் சொட்டியது. ஈரத் தாளும் பையும் தயாராக இருந்தன. ஆனால் பூங்கொத்தை மட்டும் கிள்ளிக்கொண்டு, செடியை அவர் வாரிப்போட்ட குவியலில் வைத்தேன்.

வீட்டில் பூவைப் பார்த்ததும், "வேர் எங்கேம்மா?" என்றார் அப்பா.

"எடுக்கலப்பா. அங்க நெறைய இருக்கு."

அவர் முகம் மலர்ந்தது. "அவ கைராசி அப்படி."

பூவை அம்மாவின் படத்துக்கு முன்னால் தண்ணீரில் வைத்தேன். திதி முடிவதற்குள் பூ வாடிவிட்டது.

போகிறவர்கள் காலை பத்துக்குள் போய்விடுங்கள், நிழல் கிடையாது. பூ பறிக்கலாம், வேரோடு எடுக்க வேண்டாம். வீடு மாறும்போது தொட்டிச் செடியைத் தண்ணீரில் விடாதீர்கள். வெயிலில் காயப் போடுங்கள். மனம் கேட்காது. இருந்தாலும் காயப் போடுங்கள்.