கிரஷர் ஓடாத ஞாயிற்றுக்கிழமை

சாலவாக்கம் பக்கம் ஒரு கல் கிரஷரில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். கருங்கல்லை நொறுக்கும் மெஷின் என் பொறுப்பு. கல் சிக்கினால் சத்தம் மாறும், அதைக் கேட்டுத்தான் மெஷினை நிறுத்த வேண்டும். அதனால் காதை மூடிக்கொண்டு வருகிறவனைப் புது மாப்பிள்ளை என்று கிண்டல் செய்வோம். கிண்டலில் முதல் ஆள் நான்தான்.

இப்போது என் இரண்டு காதுக்குள்ளும், அடுப்பில் மறந்துபோன பால் குக்கர் மாதிரி ஒரே கூவல். வேறு யாருக்கும் கேட்காது. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விட்டுப் பார்த்தோம். செங்கல்பட்டில் காது டாக்டர் அதற்கே முதலில் திட்டினார். “உள்ள கெட்டுப்போனது திரும்ப வராது. இந்தச் சத்தத்தோட பழகிக்கத்தான் வேணும். இருக்குறதயாவது காப்பாத்துங்க. சத்தத்துலேர்ந்து தள்ளி நில்லுங்க, முடியலன்னா காதை மூடுங்க. பஞ்சு போதாது” என்றார்.

நான் வேலையை விட்டேன். என் மனைவி விடவில்லை. அதே கிரஷரில் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் ஜல்லியை வாருகிறவள் அவள். இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு எரிய வேண்டாமா? மருந்துக் கடையில் நுரை அடைப்பான் வாங்கி வந்து, உருட்டிக் காதில் செருகச் சொல்லிக் கொடுத்தேன். பெரிய டாக்டர் மாதிரி.

மூன்றாம் நாள் மத்தியானமே வெளிறிப் போய் வந்து நின்றாள். பின்னால் ரிவர்ஸில் வந்த டிப்பரின் ஹாரன் கேட்கவில்லையாம். கூட வேலை செய்தவள்தான் புடவையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

“காதப் பாத்துக்கினா உசுரு பூடும் போலகீது மாமா. எது வோணும்னு நீயே சொல்லு” என்றாள்.

நேராக மேஸ்திரியிடம் போனேன். வண்டி பின்னால் வரும்போது ஓர் ஆளை நிறுத்திக் கொடி காட்டச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

“வேலைய உட்டுட்டுப் போனவனுக்கு இங்க இன்னாய்யா பேச்சு?” என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். அவள் மறுநாள் வெறும் காதோடு வேலைக்குப் போனாள், நானே சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன்.

போன ஞாயிறு கிரஷருக்கு லீவு. காலையிலிருந்து ஊரில் கரண்ட்டும் இல்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் சட்டென்று கையை நிறுத்தினாள்.

“எங்க மாமா மோட்டார் ஓடுது?”

கரண்ட்டே இல்லை, மோட்டார் எப்படி ஓடும் என்றேன். அவளே எழுந்து போய் வாசலில் பார்த்துவிட்டு வந்தாள்.

“ஒண்ணுங் காணம். ஆனா சன்னமா கேட்டுக்கினே கீது.”

அவள் எதிரில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அவள் காதுகளை இறுக்கி மூடினேன். வெளியிலிருந்து வரும் சத்தமாக இருந்தால் குறைய வேண்டும். குறையட்டும் என்று தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன். இப்போது எப்படி என்று தலையை ஆட்டிக் கேட்டேன்.

அவள் கண்ணை மூடிக் கவனித்தாள்.

“இப்பத்தான் நல்லா கேக்குது” என்றாள்.

கையை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.