பிரச்சாரகர் என்றே எழுதுங்கள்

உள்விசாரணையில் குற்றம் சாட்டப்பட்ட தொழிலாளிக்குத் துணையாக ஓய்வு பெற்ற ஊழியர் ஒருவர் உட்காரலாம் என்று விதி இருக்கிறது. வீட்டில் மதிப்பிழந்த எங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதியிருப்பார்கள். அப்படித்தான் செகந்திராபாத்தை அடுத்த பாலாநகர் தொழிற்சாலை ஒன்றில் ஓர் இளம் ஃபிட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேன்டீனில் கட்சிப் பிரச்சாரகராகச் செயல்பட்டான் என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலை போய்விடும்.

நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். பிரச்சாரகர் என்றாலும் பரப்புரையாளர் என்றாலும், ஒரு கட்சிக்காக ஆள் சேர்ப்பவரைத்தான் குறிக்கும் என்றேன். சாப்பிடும்போது அரசியல் பேசுகிறவன் வெறும் அரட்டைக்காரன். அரட்டைக்கு வேலைநீக்கம் என்றால் தொழிற்சாலையையே மூட வேண்டியதுதான்.

செகந்திராபாத் தமிழரான விசாரணை அதிகாரிக்கும் அவனைக் காப்பாற்றும் எண்ணம் இருந்தது.

“ஹவ், சரிதான். அரட்டைன்னு எழுதிக்கறேன். என்னப்பா, அப்படித்தானே?”

ஆமாம் என்று சொல்லட்டும் என்று மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன்.

“நக்கோ சார், அரட்டை இல்ல. கட்சிக்குத்தான் ஆள் சேர்த்தேன். பிரச்சாரகர்னே எழுதுங்க.”

“வேலை போயிடும்டா. வீட்ல சொன்னியா?” என்றார் அதிகாரி.

“முதல்ல சேர்த்ததே என் வீட்டுக்காரியைத்தான் சார்.”

அதிகாரி என்னைப் பார்த்தார். சொன்னதைத் திரும்பப் பெற விதி உண்டு. ஆனால் அவனே கேட்க வேண்டும். அவன் கேட்கவில்லை.

“எழுதினதைப் படிச்சுக் காட்டணும் சார்,” என்றேன். அதுவும் விதிதான்.

பிரச்சாரகர் என்றே எழுதியிருந்ததை அவர் படித்தார். அவன் கையெழுத்திட்டான். அதற்குக் கீழே நானும் போட்டேன்.